கொடிக்காலில் செருப்பு போடாதவர்கள்

மதுரையைச் சுற்றிய கழுதை மதுரையை விட்டுப் போகாது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். நான் முதன்முதலாக மதுரையைச் சுற்றியபோது ஒன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். கழுதை என்ற பெயர் அதற்கு முன்பே வீட்டில் எனக்கு இருந்தது. சொலவடையும் பலித்துவிட்டது. இப்போது கே.கே. நகரில்தான் குடியிருக்கிறேன். சொந்தக்காரர்கள் யாராவது ஊர் பார்க்க வந்தால் நான்தான் கூட்டிப்போய்க் காட்டுகிறேன். காட்டும்போதெல்லாம் அந்த முதல் சுற்று ஞாபகத்துக்கு வரும். மதுரையை அப்படிச் சுற்றிப் பார்த்த குடும்பம் வேறு இருக்காது.

சோழவந்தானுக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சின்னக் கொடிக்கால் குத்தகைக்கு இருந்தது. கொடிக்கால் என்றால் வெற்றிலைத் தோட்டம். அகத்தியை வரிசையாக நட்டு அதில் கொடியை ஏற்றிவிட்டு, நடுவில் ஓடும் வாய்க்காலில் எந்நேரமும் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே போனால் வெயில் காலத்திலும் குளிரும். வெற்றிலையை மகாலட்சுமி என்பார்கள். அதனால் கொடிக்காலுக்குள் யாரும் செருப்போடு போவதில்லை. வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுப் போகலாம்தான். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை உள்ளேயே கிடக்கிறவர்களுக்குச் செருப்பு எதற்கு? அப்பாவுக்கும் அம்மாவுக்கும் செருப்பு கிடையாது. எனக்கும் கிடையாது. மாமாவுக்கும் கிடையாது.

மாமா, அம்மாவின் தம்பி. அவர்களைப் பெற்றவர்கள் காலமான பிறகு அம்மாதான் மாமாவைத் தூக்கி வளர்த்தார். அம்மாவுக்குக் கல்யாணமாகி வந்தபோது சீர்வரிசைப் பாத்திரங்களோடு மாமாவும் வந்தார் என்று ஊரில் கேலி பேசுவார்கள். எனக்குக் காது குத்தியது அவர் மடியில் வைத்துத்தான். நான் வாயைப் பிளந்து அழ, மாமா தன் காதில் குத்தியதுபோல் முகத்தைச் சுளித்துக்கொண்டிருக்கும் படம் ஒன்று வீட்டில் இருந்தது.

அந்த ஐப்பசியில் அடைமழை. கொடிக்காலில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். வடிகாலைத் திறந்துவிட மாமாவிடம் சொல்லிவிட்டு அப்பா வெளியூர்ச் சாவுக்குப் போயிருந்தார். மாமா கூட்டாளிகளோடு சினிமாவுக்குப் போய்விட்டார். அப்பா திரும்பி வருவதற்குள் பாதிக் கொடி கறுத்துத் தொங்கிவிட்டது. அழுகிய கொடியைக் கையில் பிடித்துக்கொண்டு, வெற்றிலை பறிக்க வந்த ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் அப்பா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

“அக்கா வீட்டுச் சோறுதானடா, ஒனக்கு என்ன வலிக்கும்?”

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. மறுநாள் காலையில் மாமாவின் பாய் சுருட்டி வைத்தபடி இருந்தது. கெட்டும் பட்டணம் சேர் என்பார்களே, எங்களுக்குப் பட்டணம் என்றால் மதுரைதான். போன இடம் மதுரை என்று பஸ்ஸில் பார்த்தவர்கள் சொன்னார்கள். என்னிடம் மட்டும், மாமா வேலைக்குப் போயிருக்கிறது, வரும்போது வளையல் வாங்கிக்கொண்டு வரும் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து அப்பா சோற்றை நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

மாமாவைக் காணோம் என்று அப்பா போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருந்தார். பங்குனியில் ஒரு சாயங்காலம் அங்கிருந்து ஓர் ஆள் வந்து வாசலில் நின்றே ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அப்பா என்னைக் கூப்பிட்டார்.

“ஏத்தா, நாளைக்கு மதுரை பாக்கப் போறம். பெரிய கோயிலு, மகாலு எல்லாம் பாப்பம்.”

என்னை விட்டுவிட்டுப் போக வீட்டில் ஆள் இல்லை. அதுதான் காரணம். எனக்கு அது எப்படித் தெரியும்? ராத்திரியே பட்டுப்பாவாடையைக் கட்டிக்கொண்டு படுத்தேன்.

காலையில் பஸ் பரவையில் நின்றபோது சித்தப்பா ஏறினார். அப்பாவின் தம்பி, பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். மதுரை அவருக்குத் தண்ணி பட்ட பாடு. எங்கள் வீட்டில் செருப்பு போட்ட ஒரே ஆளும் அவர்தான். வாயும் அவருக்குத்தான். ஏறியதும் என் பாவாடையைப் பார்த்தார்.

“என்ன மகளே, மீனாட்சிக்குப் போட்டியாக் கெளம்பிட்டியா? மதினி, இவளைக் கண்டா சொக்கநாதரு மனசு மாறிருவாரு.”

அம்மா சிரிக்கவில்லை. சித்தப்பா அப்பாவிடம் குரலைத் தாழ்த்தினார். “அண்ணே, நேரா அங்கிட்டே போயிருவமா? போலீசுக்காரரு சொன்ன எடத்துக்கு?”

“கடைசி எடத்தைக் கடைசியில பாப்பம்டா” என்றார் அப்பா. “அதுக்கு முன்னாடி ஆள் உயிரோட இருக்கிற எடமெல்லாம் இருக்குல்ல.”

இப்படித்தான் எங்கள் ஊர் பார்த்தல் தொடங்கியது. கோயிலுக்குப் போனோம். உள்ளே போகவில்லை. அன்னதானத்துக்கு நிற்கும் வரிசையின் தலையிலிருந்து வால்வரை அப்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். அம்மா மறுபக்கம் பார்த்துக்கொண்டே வந்தார்.

“சித்தப்பா, சாமி உள்ளதானே இருக்கு?”

“உள்ள இருக்கிற சாமி எங்கிட்டும் ஓடிராது குட்டி. வெளிய திரியிற சாமிகளை மொதல்ல பாத்துக்கிருவம்.”

அங்கேதான் அப்பா சட்டைப் பையிலிருந்து என் காதுகுத்துப் படத்தை எடுத்தார். பிச்சைக்காரர்கள், கயிறு விற்கிறவர்கள், செருப்பு பாதுகாக்கிறவர்கள் என்று எல்லோரிடமும் காட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் தெருவுக்குள்ளேயே கிடந்த படத்தை அப்பா மதுரைக்கே காட்டுகிறாரே! காட்டும்போதெல்லாம் நான் முன்னால் போய் நின்று, காதுத் தோட்டைத் தொட்டுக்கொண்டேன், படத்தில் இருப்பது நான்தான் என்று அவர்களுக்குத் தெரியட்டுமென்று.

ஒரு பூக்காரம்மா படத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். “ஏண்ணே, புள்ளையக் கையில புடிச்சுக்கிட்டே புள்ளையக் காணோம்னு தேடுறீக?”

சித்தப்பா குபீரென்று சிரித்துவிட்டார். சிரித்த வாயை உடனே துண்டால் பொத்திக்கொண்டார். அப்பா படத்தை நடுவில் மடித்தார். அதற்குப் பிறகு காட்டிய இடத்திலெல்லாம் மாமா மட்டும்தான் வெளியே தெரிந்தார். நான் மடிப்புக்குள் போய்விட்டேன். எனக்கு அன்றைக்கு வந்த முதல் அழுகை அது.

அடுத்து வெற்றிலைக் கடைகள். அது அம்மாவின் யோசனை. “எங்கிட்டுப் போனாலும் அவன் வெத்தலை வாடையை விட்டு இருக்க மாட்டான்” என்றார். கோரிப்பாளையத்துப் பக்கம் ஒரு சின்னக் கடையில் வயசான பாய் ஒருவர் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“சாயல் இருக்கும்மா. தைப்பொங்கல் சமயத்துல ஒரு பையன் வந்தான். கட்டு பிரிச்சு அடுக்கட்டா பாய்னு கேட்டான். என்னா வேகம்ங்கிறீங்க! நம்ம விரலுக்கு ஒண்ணு எடுக்கிறதுக்குள்ள அவன் ஒரு கவுளி, நூறு வெத்தலை, அடுக்கிட்டான். டீ மட்டும் குடிச்சான். மறுநாள் வரச் சொன்னேன். வரலை.”

“சாப்பிட்டானா பாய்?” என்று கேட்டார் அம்மா.

பாய் எனக்கு ஒரு வாழைப்பழம் பிய்த்துக் கொடுத்தார். “அல்லா காட்டிக் குடுப்பான், போய்ட்டு வாங்க.”

அந்த ஒரு பேச்சு போதும் என்பதுபோல் அப்பாவின் நடையில் வேகம் கூடிவிட்டது. ரயில் நிலையத்து வாசலைப் பார்த்தோம். உள்ளே நின்ற ரயிலை நான் பார்க்கவில்லை. வாசலில் படுத்திருந்தவர்களைப் பார்த்தேன். பிறகு வைகைப் பாலம். பாலத்தின் மேல் நின்று ஆற்றைப் பார்ப்பார்கள். நாங்கள் கீழே இறங்கினோம். தண்ணீர் இல்லை, மணலும் குப்பையும்தான். தூணோரமாய் நிழலில் முகத்தில் துணியைப் போட்டுக்கொண்டு வரிசையாகப் பலர் படுத்திருந்தார்கள். அப்பா ஒவ்வொருவரிடமும் குனிந்து துணியை லேசாக விலக்கிப் பார்த்தார். ஒருவர் விசுக்கென்று எழுந்து உட்கார்ந்தார்.

“ஏய்யா, செத்தவன் மொகத்தப் பாக்குற மாதிரி பாக்குற? நான் இன்னும் சாகலைய்யா!”

“நீங்க நல்லா இருக்கணும்ணே” என்று அப்பா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். கேலிக்குச் சொல்லவில்லை. அந்த ஆள் என்ன நினைத்தாரோ, மறுபடி படுத்து அவரே முகத்தை மூடிக்கொண்டார்.

அதற்குள் உச்சி வெயில் ஏறிவிட்டது. தார் ரோடு இளகிக்கிடந்தது. கொடிக்கால் சேற்றில் நடந்த என் கால் அந்தச் சூட்டைக் கண்டதில்லை. இரண்டாவது அழுகை அங்கே வந்தது. சித்தப்பா என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார்.

“ஒங்கப்பனுக்கும் ஆத்தாளுக்கும் காலு இல்ல மகளே, கொளம்பு. லாடம்தான் அடிக்கணும். ஒனக்கு இன்னும் முத்தல.”

அப்பா திரும்பிப் பார்த்தார். “செருப்புக்காரன் பேசுறான் பாரு. நாலு எட்டு அதக் கழட்டிட்டு நடடா பாப்பம்.”

அன்று பகலில் அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்ட கேலிப் பேச்சு அது ஒன்றுதான்.

கடைசி இடம் பெரியாஸ்பத்திரி. பின்பக்கமாகப் போனோம். ஒரு வேப்பமரத்தடியில் எங்களைப்போல இன்னும் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். நான் சித்தப்பாவிடம், இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். எதற்கும் பதில் வைத்திருக்கிற சித்தப்பா துண்டால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். காக்கிச் சட்டை போட்ட ஒருவர் வந்து அப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அம்மாவும் எழுந்தார்.

“பொம்பளையாளு வேணாம்ணே. தண்டவாளத்துல கெடந்தது. மேல பாக்குற மாதிரி இல்ல. முழங்காலுக்குக் கீழ மட்டும் காட்டுறேன். அடையாளம் தெரியுதானு பாருங்க.”

“காலுல ஒண்ணும் இல்லங்க, மச்சம்கூட இல்ல அவனுக்கு” என்றார் அம்மா, அவரிடமா அப்பாவிடமா என்று தெரியாமல்.

அப்பாவும் சித்தப்பாவும் உள்ளே போனார்கள். அம்மா என் கையைப் பிடித்திருந்தார். என் வளையல் ஒன்று அந்தப் பிடியில் உடைந்தது. அவருக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை; அம்மாவின் முகத்தைப் பார்த்தால் சொல்லத் தோன்றவில்லை.

போன வேகத்தில் அப்பா வெளியே வந்தார். ஓடி வந்தார் என்றே சொல்ல வேண்டும். ஐப்பசிக்குப் பிறகு அப்பாவின் பல்லை நான் அன்றுதான் பார்த்தேன்.

“நம்மாளு இல்ல. ஏய், நம்மாளு இல்ல!”

“நல்லாப் பாத்தீகளா?”

“செருப்பு போட்ட காலுடி அது. கவட்டை மாதிரி ரெண்டு பக்கமும் வெள்ளையா வாருத் தடம் கெடக்கு. நம்ம பய காலு அப்படியா? பொறந்ததுலருந்து அவன் செருப்பத் தொட்டதுண்டா? கொடிக்காலுக் காலு எனக்குத் தெரியாதா?”

அம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்துக் கும்பிட்டார். “ஆத்தா மீனாட்சி, காப்பாத்துனியே” என்று சத்தமாக அழுதார். பக்கத்தில் காத்திருந்த வேறு வீட்டுப் பெண் ஒருத்தி அம்மாவின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். தன் ஆளை இன்னும் பார்க்காதவள் அவள்.

சித்தப்பா பின்னால் மெதுவாக வந்தார். எங்களுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காலை மடக்கி வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார். வெயிலுக்காக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அவர் உட்கார்ந்திருந்தது நல்ல நிழல்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் மதுரையைப் பார்த்தோம். கோயிலுக்குள் போனோம். அம்மா சாமியைப் பார்த்ததைவிட விளக்கேற்றியதுதான் அதிகம். மகாலுக்குப் போனோம். அப்பா அத்தனை பெரிய தூணைக் கட்டிப்பிடித்து, கை எட்டவில்லை என்று என்னையும் மறுபக்கம் நின்று பிடிக்கச் சொன்னார். அப்போதும் எட்டவில்லை. சித்தப்பாவைக் கூப்பிட்டார். அவர் தலைவலிக்கிறது என்று சொல்லிவிட்டார். கறிச்சோறு சாப்பிட்டோம். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினார்.

பஸ்ஸுக்குப் போகும் வழியில் ஒரு செருப்புக் கடை வாசலில் அப்பா நின்றார்.

“ஏத்தா, கால் சுட்டு அழுதேல்ல? ஒனக்கு எது வேணும்னு பாரு.”

“இப்ப எதுக்குண்ணே செருப்பு?” என்றார் சித்தப்பா. எனக்கு எது வாங்கிக் கொடுத்தாலும், இன்னொன்று வாங்கு என்கிற ஆள் அவர். “பெறகு பாத்துக்கிறலாம். வாங்கண்ணே, பஸ்ஸு போயிரும்.”

“போடா. இன்னைக்கு வாங்காம என்னைக்கு வாங்குறது?”

சிவப்பு ரப்பர் செருப்பு. வாரில் ஒரு மஞ்சள் பூ. போட்டுப் பார்த்தபோது தரை என்னை விட்டுக் கீழே போய்விட்டது போல் இருந்தது. பரவையில் இறங்கும்போது சித்தப்பா வழக்கமாகச் சொல்கிற கேலி எதையும் சொல்லவில்லை. என் தலையில் கை வைத்துவிட்டு, “வாரேன் மதினி” என்றார். அவர் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஊரில் அம்மா வீடு வீடாகப் போய்ச் சொன்னார். “எந்தம்பி நல்லா இருக்கான். கோவம் தீர்ந்தா வந்துருவான்.” மாமாவின் சட்டையைத் துவைத்து மடித்து வைத்தார். பஸ் நிற்கும் சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்துவிடுவார். அப்பா புதுக்கொடி நட்டார். வடிகாலை இரண்டு மடங்கு அகலமாக வெட்டினார். “அவன் வந்து பாக்கட்டும்” என்றார்.

நான் செருப்பைக் கழற்றவே இல்லை. கொடிக்கால் வாசலிலும் படுக்கையிலும் மட்டும்தான் கழற்றினேன். சித்திரை வெயில் முழுக்க ஊரைச் சுற்றினேன். ஆற்றுக்கு, கடைக்கு, மாமரத்தடிக்கு. செருப்பு போட்டுக்கொண்டே நொண்டி விளையாடினேன்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் ஒருநாள் அம்மா என்னை வாய்க்கால் கல்லில் உட்காரவைத்து, லீவில் சேர்த்த அழுக்கெல்லாம் போகத் தேய்த்துக் குளிப்பாட்டினார். முதுகு, கழுத்து எல்லாம் முடித்து, வலது காலை மடியில் எடுத்து வைத்தார். சேறு போய்க் கால் துலங்கியது. அம்மாவின் கை நின்றது.

பெருவிரல் சந்திலிருந்து கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்து, காலின் இரண்டு பக்கமும் வெள்ளையாக ஒரு கோடு இறங்கியிருந்தது.

அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு செங்கல் துண்டை எடுத்துத் தேய்த்தார். மெதுவாகத் தொடங்கி, போகப் போக அழுத்தித் தேய்த்தார். எரிந்தது.

“அழுக்காம்மா?”

“ம்.”

“போகுதா?”

கோட்டைச் சுற்றி இருந்த இடமெல்லாம் சிவந்துவிட்டது. கோடு அப்படியே இருந்தது. கொடிக்காலுக்குள் இருந்த அப்பாவை அம்மா கூப்பிட்டார். பேர் சொல்லியோ முறை சொல்லியோ கூப்பிடவில்லை. வெறும் சத்தம் அது. அப்பா மண்வெட்டியோடு ஓடி வந்தார். அம்மா என் காலைத் தூக்கிக் காட்டினார்.

“இவ ஒரு கோடை காலந்தான செருப்பு போட்டா?” என்றார் அம்மா. “அவன் ஐப்பசியில போனவன்ல?”

அப்பா வாய்க்கால் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார். வேட்டி நனைந்தது அவருக்குத் தெரியவில்லை. கையை நீட்டி, என் பாதத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அந்தக் கோட்டை மூடிக்கொண்டார். நெடுநேரம் எடுக்கவில்லை. இரண்டு பேரும் என் காலையே இவ்வளவு பிரியமாகப் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது. இன்னொரு காலையும் நீட்டினேன்.

மறுநாள் விடிந்ததும் இரண்டு பேரும் மதுரைக்குக் கிளம்பினார்கள். பக்கத்து வீட்டில் இருக்கச் சொன்னார்கள். நான் பஸ் படியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன், “நானும் ஊர் பாக்க வாரேன்! என்னைய விட்டுட்டு மகாலுக்குப் போறீகளா?” கண்டக்டர்தான் என் விரலைப் பிரித்துவிட்டார்.

சாயங்காலம் வந்தார்கள். சித்தப்பாவும் கூட வந்தார், வெறுங்காலோடு. மூன்று பேர் துணியும் ஆற்று ஈரம் காயாமல் இருந்தது. வாசலில் நின்றே அம்மா பக்கத்து வீட்டில் தண்ணீர் வாங்கித் தலையில் ஊற்றிக்கொண்டார். “ஆளு இல்லைன்னு அப்பவே பொதைச்சுட்டாகளாம்” என்று சித்தப்பா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். “எந்த எடம்னுகூடச் சரியாச் சொல்ல முடியல. வைகையில ஊத்துத் தோண்டிக் குளிச்சு, காரியத்த முடிச்சுட்டு வந்துட்டம்.”

நான் காலையிலிருந்து முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு என்ன வாங்கி வந்தார்கள் என்று பார்க்கக்கூட எழுந்திருக்கக் கூடாது என்று சபதம். அப்பா வந்து எனக்கு முன்னால் குந்தினார். நிமிர்ந்து பார்த்தேன். தலை மொட்டை. மீசையும் இல்லை. மேலுதடு மட்டும் வெளுத்து, யாரோ வேற்று ஆள் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்ததுபோல் இருந்தது.

சபதம் எல்லாம் போய்விட்டது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. விரலை நீட்டிக் காட்டி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நின்றவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் என்னை அதட்டவும் இல்லை. அப்பா மட்டும் என் விரலைப் பிடித்துத் தன் மேலுதட்டில் வைத்து, “சிரி ஆத்தா, நல்லாச் சிரி” என்றார். அவர் சொன்னபடியே இன்னும் சத்தமாகச் சிரித்தேன்.